இன்னும் கொஞ்சம் கனமா ஊத்து

வெர்லின் பெரிய முடிவு எதையாவது எடுத்தால் அதை முதலில் நாயிடம்தான் சொல்வான். நாய் எதிர்த்துப் பேசாது. அன்று காலையும் அப்படித்தான். பின்பக்கத்து அறையில் தன் வேலைமேசை முன்னால் நின்று, காபிக் கோப்பையை உயர்த்திப் பிடித்து, "உயிரே போனாலும் இந்த அறையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்" என்றான். நாய் வாலை ஆட்டியது.

"யாருக்கும்னா யாருக்கு?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

நாய் எழுந்து மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்குப் புத்தி உண்டு. வெர்லினுக்கும் போய்ப் படுக்கலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஆள் கொஞ்சம் பருமன்.

குரலுக்குச் சொந்தக்காரி அவன் மனைவி ஓபல். அவள் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. மெதுவாகத்தான் பேசுவாள். ஆனால் எந்தச் சுவரும் அந்தக் குரலைத் தடுத்ததாக அந்த வீட்டில் சரித்திரம் இல்லை. அவள் கேட்பதெல்லாம் அந்தப் பின்பக்கத்து அறை ஒன்றுதான். துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிறவள் அவள். போர்வையை விரித்துக் கட்டுகிற மரச்சட்டம் ஒரு கட்டில் அகலம் இருக்கும். அது கூடத்தின் நடுவில் கிடந்தது. வெர்லின் தன் நாற்காலிக்குப் போய் பேஸ்பால் பார்க்க வேண்டுமென்றால் சட்டத்துக்கு அடியில் குனிந்து, தவழ்ந்து, அந்தப் பக்கம் எழுந்திருக்க வேண்டும். மர அறுவை ஆலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனுஷன், மாலையில் குழந்தை மாதிரித் தவழ்ந்து போவதைப் பார்த்து நாயே தலையைத் திருப்பிக்கொள்ளும்.

"சட்டத்தைப் பின்னறைக்கு மாத்திட்டா நீ நிமிர்ந்தே நடக்கலாம் வெர்லின்" என்று ஓபல் கருணையோடு சொல்வாள்.

ஆனால் பின்னறையில்தானே அவன் சொர்க்கம் இருந்தது. தோட்டா அடைக்கிற கருவி, அச்சுகள், வெடிமருந்து நிறுக்கிற சின்னத் தராசு, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள் நிறைந்த ஜாடிகள். பார்லோ லிக் என்கிற அந்த மலையூரில் பாதி ஆண்களுக்கு இந்தக் கிறுக்கு உண்டு. கடையில் விற்கிற தோட்டாவைச் சுடுவது அவர்களுக்குக் கடைச் சோறு சாப்பிடுகிற மாதிரி. தானே ஈயத்தை உருக்கி, தானே குண்டு வார்த்து, தானே மருந்தளந்து அடைத்துச் சுட்டால்தான் வயிறு நிறையும். அந்த அறைக்கு ஒரே ஒரு கெட்ட குணம். பள்ளத்தாக்குக் காற்று அதன் சன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழையும். சன்னல் சாத்தியிருந்தாலும் இடுக்கு வழியாக வந்து தராசை ஆட்டும். வெர்லின் மருந்தை நிறுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொப்பியால் காற்றை மறைத்துக்கொண்டு நிற்பான். ஆனாலும் அது அவன் அறை.

இந்த நிலைமையில்தான் அல்மீடா அத்தையின் துப்பாக்கி நடுவில் வந்தது.

அல்மீடா ஓபலின் அப்பாவுடைய அக்கா. அந்தக் காலத்தில் குதிரை மேல் மலைமலையாகத் தபால் கொண்டுபோனவள். ஏப்ரன் பையில் ஒரு சின்ன ரிவால்வர் வைத்திருப்பாள். உள்ளங்கைக்குள் அடங்கிப்போகிற அளவு. பாம்புக்கும் கடிநாய்க்கும் என்று சொல்லிக்கொள்வாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களும் அதற்குப் பயந்துதான் திரும்பிப் போனார்கள் என்று ஊரில் பேச்சு. சாகும்போது அந்தத் துப்பாக்கியை ஓபலுக்கு எழுதிவைத்தாள். அன்றிலிருந்து வெர்லின் அதை 'என் துப்பாக்கி' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஓபல் மறுக்கவில்லை. அதை வெர்லின் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். ஓபல் மறுக்காத விஷயங்களைத்தான் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவன் படித்திருக்க வேண்டாமா?

துப்பாக்கியில் ஒரு குறை. தாழ்வாக அடிக்கும். கொட்டகைக்குப் பின்னால் மண்மேட்டில் அட்டையை நட்டு, நடுவட்டத்தைக் குறிபார்த்துச் சுட்டால், குண்டு ஒரு கையகலம் கீழே போய் விழும். எப்போது சுட்டாலும் அப்படித்தான். குழல் நுனியில் இருக்கிற குறிமுளையைக் கொஞ்சம் அரத்தால் ராவிவிட்டால் சரியாகிவிடும் என்று வெர்லின் ஒருநாள் சொல்லிப் பார்த்தான்.

"என் அத்தை துப்பாக்கி மேல நீ அரத்தை வச்சா, உன் மூக்கு மேல நான் அரத்தை வப்பேன்" என்றாள் ஓபல், பீன்ஸை நறுக்கிக்கொண்டே. கத்தி நிற்கவே இல்லை.

அந்த ஆகஸ்ட் மாதம், சோளரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அறைப் பேச்சு மறுபடி வந்தது. அப்போதுதான் வெர்லின் தலையில் அந்த யோசனை உதித்தது. அவனுக்கே புல்லரித்துவிட்டது.

விஷயம் இதுதான். இந்த மாதிரிச் சின்னத் துப்பாக்கியில் கனமான குண்டு போட்டால் அது கீழே விழாது. மேலே ஏறும். கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். குண்டு வார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆக, ஓபலுக்குத் தெரிய நியாயமில்லை.

ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, எதுவும் தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"ஓபல், அத்தை துப்பாக்கிக்கு நானே கனமான குண்டு வார்க்கலாம்னு பாக்கறேன்."

"ஏற்கெனவே கீழே போகுது. கனமாப் போட்டா இன்னும் கீழே போகாதா?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம்."

"கல்லு கீழே விழும் வெர்லின். பெரிய கல்லு இன்னும் சீக்கிரம் விழும். இது குழந்தைக்குக்கூடத் தெரியும்."

வெர்லினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயில் ரொட்டியைத் திணித்துக்கொண்டான். "அப்ப ஒரு பந்தயம். அக்டோபர்ல கிழட்டுத் துப்பாக்கிப் போட்டி வருதில்ல? அன்னைக்கு என் கனமான குண்டு நடுவட்டத்துல அடிச்சா, பின்னறை எனக்கு. ஆயுசுக்கும். அதப்பத்தி நீ வாயத் திறக்கக் கூடாது."

"அடிக்கலேன்னா?"

"அறை உனக்கு."

 ஓபல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். இரண்டு பேரும் மேசைக்கு மேல் கை குலுக்கினார்கள். அவ்வளவு சுலபமாக ஒரு பெண்ணை ஏமாற்றிவிட்டோமே என்று வெர்லினுக்குப் பாவமாகக்கூட இருந்தது. அவளுக்கு இன்னொரு துண்டு ரொட்டி எடுத்து வைத்தான்.

மறுநாளே பக்கத்து வீட்டு டெல்மரிடம் ஓடினான். டெல்மர் கார் பழுது பார்க்கிறவன். சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் அடிக்கிற பழைய காரீயத் துண்டுகள் அவனிடம்தான் கிடைக்கும். இப்போது வருகிறதெல்லாம் துத்தநாகம், இரும்பு. அசல் ஈயம் வேண்டுமென்றால் டெல்மரின் கொட்டகை மூலையில் இருக்கிற வாளியைத்தான் கும்பிட வேண்டும். வாளியைத் தூக்கும்போது வெர்லினால் ரகசியத்தை அடக்க முடியவில்லை.

"குண்டு கனமானா மெதுவாப் போகும்ப்பா. அது குழலை விட்டு வெளிய வர்றதுக்குள்ள துப்பாக்கி உதைச்சு மூக்கைத் தூக்கிடும். மூக்கு தூக்கினப்புறம்தான் குண்டு கிளம்பும். அப்ப எங்க போகும்? மேலதானே போகும்?"

"ஓபலுக்குத் தெரியாதா இது?"

"அவளுக்கு ஊசி தெரியும், நூல் தெரியும். இது எப்படித் தெரியும்?"

டெல்மர் தலையைச் சொறிந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டான். நல்ல பக்கத்து வீட்டுக்காரன், குடும்ப விஷயத்தில் தலையிட மாட்டான்.

வீட்டுக்குள் ஈயம் உருக்கக் கூடாது என்பது ஓபலின் சட்டம். அதனால் கொட்டகைக்கு வெளியே, திறந்த வெளியில், அடுப்பை வைத்தான். ஈயம் உருகி, மேலே மிதக்கிற கசடை வழித்துப் போட்டு, கரண்டியில் மொண்டு அச்சில் ஊற்றினான். அச்சைத் தட்டித் திறந்தால் வெள்ளிமாதிரிப் பளபளவென்று குண்டுகள் துணியில் விழுந்தன. இந்த வேலையில் ஒரு போதை இருக்கிறது. ஒன்று விழுந்தால் இன்னொன்று பார்க்கத் தோன்றும். சாயங்காலத்துக்குள் ஒரு காபி டப்பா நிறைந்துவிட்டது. பெருமை தாங்காமல் ஒன்றைக் கொண்டுபோய் ஓபலிடம் காட்டினான்.

அவள் கூடத்தில் உட்கார்ந்து ஏதோ வெளிர்நீலத் துணிக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். குண்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். துணியின் ஓரத்தில் ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்தாள்.

"இதுவா கனம்? சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கு."

"போன குண்டைவிடக் கனம் ஓபல்."

"பத்தாது. பந்தயம்னா பந்தயமா இருக்கணும். இன்னும் கொஞ்சம் கனமா ஊத்து."

வெர்லினுக்குக் காலில் இறக்கை முளைத்த மாதிரி ஆகிவிட்டது. கனம் ஏற ஏறக் குண்டு கீழே போகும், தான் ஜெயிக்கலாம் என்று கணக்குப் போடுகிறாள் பாவம், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாளே என்று நினைத்துக்கொண்டான். அந்தச் சின்னத் துப்பாக்கிக்குள் அடங்குகிற மட்டும் நீளமாக, இன்னும் கனமான குண்டுக்கு அச்சு வரவழைத்தான்.

இதற்கிடையில் ஓபல் இன்னொரு சட்டம் போட்டாள். கைபட்டால் கருப்பு ஒட்டுகிற வெறும் ஈயம் வீட்டுக்குள் வரக் கூடாது. அதுவும் நியாயம்தான். அதற்கு ஒரு வழியும் இருந்தது. தோட்டத்து நாற்காலிக்கெல்லாம் பொடிவண்ணம் பூசுவார்களே, அதையே குண்டுகளோடு ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, அடுப்பில் சுட்டு எடுத்தால் கண்ணாடி மாதிரிப் பிடித்துக்கொள்ளும். கழுவினாலும் போகாது. கருப்பும் ஒட்டாது. வெர்லின் சிவப்பு வாங்குவதாக இருந்தான்.

"நீலம் வாங்கு" என்றாள் ஓபல். "வெளிர்நீலம். சிவப்பு பூசினா செர்ரிப் பழம்னு எவனாவது வாயில போட்டுக்குவான்."

பார்லோ லிக்கில் அப்படிச் செய்யக்கூடிய இரண்டு மூன்று பேரை வெர்லினுக்கே தெரியும். நீலமே வாங்கினான்.

சுடுவதற்கு அடுப்பு? அதற்கும் ஓபல் மனமிரங்கினாள். சமையலறையில் ரொட்டி வாட்டுகிற சின்ன மின்னடுப்பைத் தானே தூக்கிக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தாள். இவ்வளவு நல்ல மனசா என்று வெர்லின் உருகிப்போனான். மறுநாள் காலையில் ரொட்டி வாட்ட ஒன்றும் இல்லாமல் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. ஈயம் ஏறின அடுப்பு மறுபடி சமையலறைக்கு வரக் கூடாது, எவ்வளவு கழுவினாலும் கூடாது, வேண்டுமானால் அந்தக் குண்டு அச்சு வந்த பெட்டியின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது படித்துக்கொள் என்றாள். கதவு வைத்த, கோழியே உள்ளே போகிற ஒரு பெரிய மின்னடுப்பை அவள் ரொம்ப நாளாகக் கடைச் சன்னலில் பார்த்து வைத்திருந்தாள். சனிக்கிழமை அது வீட்டுக்கு வந்தது. ஜெயிக்கப்போகிறவனுக்கு இதெல்லாம் ஒரு செலவா என்று வெர்லின் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

கனமான குண்டுகள் தயாராயின. கிழட்டுத் துப்பாக்கி என்பதால் மருந்தைக் குறைத்தே அளந்தான். அதில் வெர்லின் விளையாட மாட்டான். தொப்பியால் காற்றை மறைத்து, மூச்சைப் பிடித்து, ஒவ்வொன்றாக நிறுத்தான். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் அட்டையை நட்டு, நடுவட்டத்தைக் குறிபார்த்துச் சுட்டான்.

நடுவட்டத்தில் ஓட்டை.

இன்னொன்று. பக்கத்திலேயே ஓட்டை. இன்னொன்று. வெர்லின் அட்டையைப் பிடுங்கி எடுத்து அதை முத்தமிட்டான். நாயையும் முத்தமிட்டான். அட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு, சோகமான முகத்தோடு வீட்டுக்குள் வந்தான். "எப்படிப் போச்சு?" என்று ஓபல் கேட்டாள். "ம், பாக்கலாம்" என்று பெருமூச்சு விட்டான். நடிப்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டான். சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் மண்மேடு முழுசாகத் தெரியும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு டப்பா நிறைய நீலக் குண்டுகள் ஊற்றி வைத்தான். ஓபலும் எதற்கும் இருக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அக்டோபர் வந்தது. மலையெல்லாம் சிவந்து, தீயணைப்புக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியில் ஊரே கூடியது. ஒரு பக்கம் மான்கறிக் குழம்பு கொதித்தது. இன்னொரு பக்கம் பெண்கள் கொண்டுவந்த ஆப்பிள் பணியாரங்கள். நடுவில் பரிசு, புகையில் வாட்டின ஒரு முழுப் பன்றித்தொடை, துணிப்பையில் தொங்கியது. வெர்லின் இஸ்திரி போட்ட சட்டையோடு, அத்தையின் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து, நீலமூக்குத் தோட்டாக்களை ஏந்திக்கொண்டு சுடுகிற கோட்டுக்கு வந்தான். பந்தயக் கதை ஊர் முழுக்கத் தெரியும். டெல்மர் தான் சொல்லவில்லை என்றான். நாய் சொல்லியிருக்க வேண்டும்.

போட்டி நடத்துகிறவர் அவன் பெயரைக் கூப்பிடவில்லை.

"அல்மீடாவோட ரிவால்வர். சுடுகிறவர், ஓபல்."

வெர்லின் சிரித்தான். "தப்பாப் படிக்கிறீங்க. நான்தான் சுடறேன்."

"உன் துப்பாக்கியா அது?"

"என் வீட்டுத் துப்பாக்கி."

"விதி என்ன வெர்லின்? துப்பாக்கி யாருதோ அவங்கதான் சுடணும்."

 அந்த விதி வெர்லினுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அதைக் கொண்டுவந்ததே அவன்தான். சில வருஷங்களுக்கு முன்னால் டெல்மர் தன் மச்சானின் தாத்தா துப்பாக்கியை இரவல் வாங்கிவந்து சுட்டுப் பன்றித்தொடையைத் தட்டிக்கொண்டு போனான். வெர்லின் பொறுக்க மாட்டாமல் கூட்டத்தில் எழுந்து, மேசையைத் தட்டி, இரவல் துப்பாக்கிக்காரர்களுக்கு எதிராக ஒரு மணி நேரம் பேசினான். கைதட்டு வாங்கினான். விதி நிறைவேறியது. இப்போது அந்தக் கைதட்டெல்லாம் காதில் கேட்டது.

திரும்பிப் பார்த்தான். ஓபல் ஆப்பிள் பணியாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பயப்படாதே" என்றாள் மெதுவாக. "உன் குண்டைத்தான் சுடப்போறேன். பந்தயம் அதானே?"

அதுதானே. வெர்லினுக்கு மறுபடி மூச்சு வந்தது. யார் சுட்டால் என்ன? குண்டுதானே முக்கியம். துப்பாக்கி தாழ்வாக அடிக்கும், குண்டு உயரமாக அடிக்கும், இரண்டும் சேர்ந்து நடுவில். அதை யாராலும் மாற்ற முடியாது. இந்த நம்பிக்கையோடு அவன் தோட்டாக்களை அவள் கையில் கொடுத்தான். நல்ல மனுஷன், வாழ்த்துக்கூடச் சொன்னான்.

ஓபல் நின்ற விதம் அவனுக்குக் கொஞ்சம் பிடிக்கவில்லை. ரொம்பச் சாவகாசமாக நின்றாள். கேக் மாவு பதம் பார்க்கிறவள் மாதிரி நின்றாள். கையை நீட்டினாள். சுட்டாள். கண்ணிமைகூட அசையவில்லை. பழகிப் பார்க்கச் சுடுகிற அந்த முதல் சுற்று முழுக்க நீலக் குண்டு. அட்டையை எடுத்துவந்தார்கள். எல்லா ஓட்டைகளும் ஒரு பணியாரத்துக்குள் அடங்குகிற மாதிரி நெருக்கமாக இருந்தன. ஆனால் நடுவட்டத்தில் இல்லை. சரியாக ஒரு கையகலம் மேலே.

"மேலயா?" என்றான் வெர்லின். குரல் எலி மாதிரி வந்தது.

"கனமான குண்டு மேலதானே போகும்" என்றாள் ஓபல். "மூக்கைத் தூக்கினப்புறம்தானே கிளம்பும்."

பிறகு கைப்பையைத் திறந்தாள். உள்ளே சீப்பு, கண்ணாடி, ஜெபம் எழுதின அட்டை, அதற்கடியில் கடையில் விற்கிற சாதாரணத் தோட்டாப் பெட்டி ஒன்று. கடைத் தோட்டா. வெர்லின் ஜாதியே விலக்கி வைத்திருக்கிற கடைத் தோட்டா. அதை அடைத்து, மதிப்பெண் போடுகிற சுற்றைச் சுட்டாள். எல்லாம் நடுவட்டம். பன்றித்தொடையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தபோது ஊர் முழுக்கக் கைதட்டியது. டெல்மர் ரொம்ப நேரம் தட்டினான்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை ஓபல்தான் ஓட்டினாள். வெர்லின் மடியில் பன்றித்தொடையோடு உட்கார்ந்திருந்தான்.  அறை போன துக்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய துக்கம், கணக்கு எங்கே தப்பியது என்று தெரியாதது.

"துப்பாக்கி தாழ்வா அடிக்குதே ஓபல். நான் கண்ணால பாத்திருக்கேனே."

"துப்பாக்கி நேராத்தான் அடிக்குது. நீ விசையை இழுக்கிறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்கிறே. சத்தத்துக்குப் பயந்து கையைக் கீழே ஒரு வெட்டு வெட்டறே. சன்னல்லேர்ந்து வருஷக்கணக்கா பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். முத வருஷமே சொன்னேன். குறிமுளைதான் கோளாறுன்னே."

அது ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம். வெர்லின் சன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்தான். அந்தக் கனமான குண்டு விஷயத்தையெல்லாம் அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டான். அல்மீடா அத்தைதான் என்றாள் ஓபல். அத்தை வீட்டில் கோடை விடுமுறைக்குப் போனால் குண்டு வார்ப்பதுதான் வேலை. அத்தை ஈயத்தை உருக்குவாள், இவள் அச்சைத் தட்டுவாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளாம். அவன் கேட்கவே இல்லையாம்.

வெர்லினுக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் கூடவே வேறொன்றும் வந்தது. அந்தக் கிழட்டுத் துப்பாக்கியில் அப்படி ஒரு நெருக்கமான சுற்றை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதுவும் அவன் ஊற்றின குண்டு. குண்டு நல்ல குண்டு என்பதை ஊரே பார்த்துவிட்டது. இழுத்து மூச்சு விட்டு, "என் குண்டு நெருக்கமாத்தான் விழுந்துச்சு" என்றான்.

"அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றாள் ஓபல். மனதாரச் சொன்னாள். அவன் பன்றித்தொடையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

தோற்றவன் சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா? மறுநாள் மேசையைக் கழற்றிக் கீழ்த்தளத்து அறைக்கு இறக்கினான். அங்கே வெறும் இருட்டும் உருளைக்கிழங்குமாக இருக்கும் என்று நினைத்துப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது. மேசை போடுகிற இடத்துக்கு நேர் மேலே டெல்மர் ஒரு நல்ல விளக்கு மாட்டியிருந்தான். ஜாடிகளுக்கு அலமாரிகூட அடித்திருந்தது. எப்போது செய்தார்கள் என்று கேட்டதற்கு, போட்டிக்கு முந்தின வாரமே என்று டெல்மர் உளறிவிட்டு, பிறகு அவசர வேலை இருக்கிறது என்று ஓடிப்போனான். வெர்லின் தராசை எடுத்து வைத்தான். முள் இரண்டு தரம் ஆடியது. நின்றது. கல்லில் அடித்த மாதிரி நின்றது. தொப்பி வேண்டாம், மூச்சைப் பிடிக்க வேண்டாம். காற்றே இல்லை. இந்த மனுஷன் இத்தனை வருஷம் எதைக் காப்பாற்றப் போராடினான் என்று நாய் அவனைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் விட்டு வந்ததும் ஓபல் அவனுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். துப்பாக்கி காலி என்று இரண்டு பேரும் திறந்து பார்த்துக்கொள்வார்கள். குழல் மேல் ஒரு வெறும் பித்தளைக் கூட்டை நிற்க வைப்பாள். கூடு விழாமல் விசையை இழுக்க வேண்டும். முதல் ஞாயிறு கூடு டம்ளர் மேல் விழுந்தது. அடுத்த ஞாயிறு நாய் மேல் விழுந்தது. நவம்பர் மாதம் ஒரு நாள் அது விழவில்லை. நின்றது. வெர்லின் மறுபடி இழுத்தான். மறுபடியும் நின்றது. ஓபல் அவன் தோளைத் தட்டி, அடுத்த வருஷம் அத்தை துப்பாக்கியை அவன் பேருக்கே எழுதித் தந்தாலும் தரலாம் என்றாள். அவனுக்கு மலையேறி இறங்கிய மாதிரி இருந்தது. அடுத்த அக்டோபர் கைக்கெட்டுகிற தூரத்தில் தெரிந்தது.

அன்றைக்கே புதுசாக ஒரு சுற்று அடைத்துவிடுவோம் என்று கீழே போனான். நீலக் குண்டு டப்பாக்களைத் திறந்தால் மூன்றுமே காலி. டெல்மர்தான் தூக்கிக்கொண்டு போயிருப்பான், இரவல் புத்தி எங்கே போகும் என்று முணுமுணுத்துக்கொண்டே, ஓபலிடம் முறையிடப் பின்னறைக்கு ஏறி வந்தான்.

அறை அழகாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போர்வைச் சட்டம் வெளிச்சத்தில் விரிந்து கிடந்தது. ஓபல் அதன் மேல் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். சன்னல் திறந்திருந்தது. வெளியே பள்ளத்தாக்குக் காற்று பேயாய் அடித்தது. அவன் தலைமுடி பறந்தது. மேசை மேல் காகிதம் பறந்தது. சன்னலில் தொங்கிய வெளிர்நீலத் திரை மட்டும் அசையவில்லை. ஒரு நூல்கூட அசையவில்லை.

வெர்லின் கிட்டே போய்த் திரையின் அடி ஓரத்தை விரலால் தடவினான். மடித்துத் தைத்த ஓரத்துக்குள் வரிசையாக, ஒரே அளவாக, கெட்டியாக ஏதோ உருண்டது.

ஓபல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல்ல ஊத்தினியே வெர்லின், அது நிஜமாவே பத்தல. திரை பறந்துச்சு."